உறைய வைக்காதீர்

ஒரே ஒரு இருமலால் ஒன்பது மாடிக் கட்டடத்தைக் காலி செய்தவன் நான். தீப்பிடிக்கவில்லை, நிலம் நடுங்கவில்லை, வெடிகுண்டு வைத்திருப்பதாக யாரும் போன் போட்டு மிரட்டவுமில்லை. கால்களை அகட்டி நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து, அடிவயிற்றிலிருந்து ஒன்று விட்டேன். ஆராய்ச்சியாளர்கள், ஆராய்ச்சியாளர்களுக்கு டீ கொண்டுபோகிறவர்கள், இரு தரப்பையும் கண்காணிக்கிற கேமராவைக் கண்காணிக்கிறவர்கள் என்று ஆயிரம் பேருக்குக் குறையாமல் படிக்கட்டில் உருண்டு இறங்கினார்கள். காசநோயைக் கண்டு பயப்படாதீர்கள் என்று மேடை மேடையாகப் பேசுகிற மூன்று நிபுணர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். முதலில் வாசலைத் தொட்டது அவர்கள்தான்.

நான் எதைச் சொன்னாலும் என் மனைவி பத்தால் வகுத்துக்கொள்வாள். என் மகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நான் வாயைத் திறந்தாலே வலது காலால் தரையை அழுத்துவாள்; பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே, அந்தப் பழக்கம். ஆனால் நான் சொல்வதை நேராகப் பூஜ்யத்தால் பெருக்குகிறவர் உலகத்தில் ஒருவர்தான்: என் சம்பந்தி. எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாக ஏறி, தராசைச் சரிபார்த்து, எடைக்கு வைக்கும் படிக்கல்லில் முத்திரை குத்தியே முப்பத்தொரு வருஷத்தைத் தீர்த்தவர். நேற்று நல்ல மழை என்று சொல்லிப் பாருங்கள், எத்தனை மில்லிமீட்டர் என்பார். அவருக்குத் தெரியாமல் நான் வைத்திருக்கும் பெயர் படிக்கல். அவருக்குத் தெரியும். இதுவரை மறுப்புச் சொல்லவில்லை.

சிரித்துக்கொண்டேதான் எழுதத் தொடங்கினேன். ஆனால் அந்த நாலைந்து மாதங்களை நினைத்தால் இன்றும் வயிறு பற்றிக்கொண்டு எரிகிறது. அந்தச் சூட்டில் சாதம் வடிக்கலாம், நாலு குடும்பத்துக்கு.

மகளுக்குக் காசநோய் வந்தது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் நாள் முழுக்கப் புதிது புதிதாக ஆட்களுடன் உட்கார்ந்திருப்பவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரைக் கேட்பது? வழக்கமான மாத்திரைகளைக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் கண் மஞ்சளாகிவிட்டது. கல்லீரல் தாங்கவில்லை. நிறுத்தி, இடைவெளி விட்டு, மறுபடி கொடுத்தார்கள், மறுபடி மஞ்சள். நோய் கொல்லும், அல்லது மருந்து கொல்லும், உங்களுக்கு எது வசதி என்று கேட்காத குறை. அப்போதுதான் ஊரின் பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் புது மருந்தைச் சோதித்துப் பார்ப்பதாகத் தெரிந்து அதில் சேர்த்துக்கொண்டார்கள். மாத்திரையை விழுங்கினால் அது வயிற்றில் இறங்கி, கல்லீரலை ஒரு உதை உதைத்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டு, நுரையீரலுக்குப் போய்ச் சேரும்போது களைத்துப்போயிருக்கும். கிருமியோ, தன்னை விழுங்க வந்த காவல்காரச் செல்லின் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்து குடித்தனம் நடத்துகிற ரகம். இந்தப் புது மருந்து அப்படிச் சுற்றுவதில்லை. தலைமுடியின் தடிமனில் நானூறில் ஒரு பங்கு இருக்கும் நானோ உருண்டைகளுக்குள் மருந்தை அடைத்து, அதை நீரில் கலந்து, நெபுலைசர் மெஷினில் ஊற்றி ஆவியாக மூச்சில் இழுக்க வேண்டும். காவல்காரச் செல் அதைத் தூசி என்று நினைத்து விழுங்கும். உள்ளே போனதும் உருண்டை மெல்ல மெல்லக் கரைந்து, கிருமி குடியிருக்கிற அதே அறையில் மருந்தை அவிழ்க்கும். வாரத்துக்கு ஒரு முறை போதும். கல்லீரலுக்கு விஷயமே தெரியாது. இதை முதலில் கேட்டபோது, கதைவிடுவதில் என்னை மிஞ்ச ஆள் பிறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் முதல் இரண்டு மாதத்தில் மகளின் சளியில் கிருமி சரசரவென்று குறைந்தது. எடை கூடியது. "அப்பா, கண்ணப் பாத்தியா, வெள்ளை வெளேர்னு இருக்கு" என்று கீழிமையை இழுத்துக் காட்டினாள். நான் என் வயதை மறந்து ஒரு ஆட்டம் போட்டேன். கீழ்வீட்டுக்காரர்கள் வீட்டைக் காலிசெய்யும் அளவுக்கு.

மூன்றாவது மாதம் கிருமி ஏறத் தொடங்கியது. நான்காவது மாதம் ஆரம்பத்தில் இருந்த இடத்துக்கே வந்து நின்றது. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த எண்ணுள்ள நோயாளி மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாததால் ஆய்விலிருந்து நீக்கப்படுகிறார். பெயர்கூட இல்லை, எண்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் முப்பத்துநான்கு வருஷம் அரசு மருத்துவமனையில் சளி பரிசோதித்தவன். சிலைடில் சளியைத் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் சிவப்புக் குச்சி குச்சியாகத் தெரியும் கிருமிகளை எண்ணுகிற வேலை. நான் எண்ணிய கிருமிகளை வரிசையாக நிறுத்தினால் நிலாவுக்குப் போய்த் திரும்பி வரலாம். மருந்து சாப்பிட்டும் ஒருவருக்குக் கிருமி குறையவில்லை என்றால் குறிப்புக் கட்டத்தில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதுவோம். மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை. யாரிடம் கேட்டு எழுதினேன்? யாரிடமும் கேட்டதில்லை. மருந்து தப்புப் பண்ணாது, ஆள்தான் தப்புப் பண்ணுவான் என்பது எங்கள் லேபில் எழுதாத சட்டம். ஒரு கல்லுடைக்கிற ஆள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சத்தியமா ஒரு நாள் விடாம சாப்பிட்டேன் சார்" என்றான். "நல்லாக் கதை விடுற. அடுத்த ஆளு வாங்க" என்றேன். கதை விடுகிறான் என்று சொன்னது யார் பாருங்கள். அந்த வரியை நான் ஆயிரக்கணக்கான தடவை எழுதியிருக்கிறேன்; இந்த ஒரு எண்ணிக்கையில் மிகை இல்லை. இப்போது அதே வரி அச்சிட்ட காகிதத்தில், என் மகளின் எண்ணுக்கு எதிரே. கையிலிருந்த டம்ளரைச் சுவரில் அடித்தேன். சுவர் நன்றாகவே இருக்கிறது.

மகள் ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நிலையத்துக்குப் போய்க் குப்பியை வாங்கி வந்து, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, இருபது நிமிடம் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். வீட்டில் உள்ள ஒருவர் அதைப் பார்த்து அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. மருமகன் கப்பலில் வேலை செய்கிறவன்; எட்டு மாதத்துக்கு ஒரு முறைதான் தரையை மிதிப்பான். அதனால் அந்தப் பொறுப்பு என் சம்பந்தியுடையது. மனிதர் பதினாறு வாரமும் போட்டார். நிலையத்திலிருந்து கூப்பிட்டு, உங்கள் மருமகள் மருந்து எடுத்துக்கொண்டதை நேரில் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். வேறு எந்த மாமனாராக இருந்தாலும் பார்த்தேன் என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பான். படிக்கல் யோசித்துச் சொல்லியிருக்கிறார்: "கதவு சாத்தியிருந்துச்சு. நான் வெளியில நின்னேன். மெஷின் சத்தம் இருபது நிமிஷம் கேட்டுச்சு. கண்ணால பாக்கலீங்க."

நான் அவர் வீட்டுக்கே போய்க் கத்தினேன். "மெஷின் ஓடினா மருந்தும் ஓடும்தானே சம்பந்தி? காத்தடிக்கவா இருபது நிமிஷம் உக்காந்திருந்தா?"

"ஓடியிருக்கும். ஓடலேன்னு நான் சொல்லலியே. பாக்கலேன்னுதான் சொன்னேன்."

"ஏன் பாக்கல? உள்ள நின்னு பாக்கறதுக்குத்தானே உங்கள வெச்சாங்க? தொத்திக்கும்னு பயம்!"

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார். சமையலறையிலிருந்து மகள் வந்தாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "அப்பா, மாமாவ விடு. அவர் பொய் சொல்லல. நீ உண்மையச் சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான், அவர் தப்பாச் சொன்னாலும் எல்லாரும் நம்புவாங்க. என் ராசி, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன்" என்றாள். பிறகு கையை நீட்டினாள். அதில் ஒரு குப்பி இருந்தது. கடைசி வாரத்து மருந்தில் சொட்டு மிச்சம். "மொதல்ல எல்லாம் இது தண்ணி கலந்த பால் மாதிரி இருக்கும்ப்பா. அப்புறம் அப்புறம் வந்ததெல்லாம் திரிஞ்ச மாதிரி, அடியில துகள் துகளா. கேட்டா, குலுக்கிட்டு ஊத்துன்னாங்க. எனக்கு மட்டுமில்ல. வியாழக்கிழமைக்காரங்க எல்லாருக்கும் அப்படித்தான். அந்தத் தையக்காரம்மா, வாட்ச்மேன் எல்லாரையும் இப்ப எடுத்துட்டாங்க."

ஓய்வு பெற்றபோது ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட மைக்ராஸ்கோப்பை நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் ஆடும், என்னைப் போல. அந்தச் சொட்டை சிலைடில் வைத்துப் பார்த்தேன். இந்த இடத்தைக் கவனியுங்கள். நல்ல நானோ மருந்து என்றால் அந்த மைக்ராஸ்கோப்பில் ஒன்றுமே தெரியக் கூடாது. அவ்வளவு சிறியது. எனக்குத் தெரிந்தது. ஒன்றோடொன்று ஒட்டி, கட்டி கட்டியாக, சந்தையில் கொட்டிய உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி கிடந்தது. இது எந்தக் காவல்காரன் வாய்க்குள் போகும்? பாதி மெஷினின் சல்லடையிலேயே சிக்கியிருக்கும். மீதி தொண்டையோடு நின்றிருக்கும். இரண்டு மாதமாக என் மகள் கதவைச் சாத்திக்கொண்டு வெறும் ஈரக் காற்றை இழுத்திருக்கிறாள். இழுத்துவிட்டுப் பழியையும் சுமந்திருக்கிறாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தேன். உள்ளே படம் எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வரவேற்பறை நாற்காலியில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். நீக்குதல் படிவத்தில் வீட்டுச் சாட்சியின் கையெழுத்து வேண்டுமாம், வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தார். அவரோடு பேசக் கூடாது என்ற முடிவோடு, "போட்டாச்சா? முத்திரையும் குத்திட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மேலே போனேன். அவரும் பின்னாலேயே வந்தார். நான் ஏதாவது செய்துவிடுவேன் என்ற பயம்.

அந்த மருந்தைக் கண்டுபிடித்த தலைமை டாக்டர் அம்மாவுக்கு என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அதுதான் இன்னும் எரிச்சல். என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார், முழுவதும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பெரியவரே, நானோ துகளை உங்க மைக்ராஸ்கோப்ல பாக்கவே முடியாது. ஸ்கூல் பசங்களுக்குக்கூடத் தெரியும்."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்! பாக்கவே முடியாதது என் கண்ணுக்குத் தெரியுது. அப்ப அது நானோவே இல்ல, கட்டி. உங்க மருந்து எங்கயோ கெட்டுப் போயிருக்கு."

"பாக்க முடியாதத நீங்க பாத்தேன்னு சொன்னா, நான் எப்படி நம்பறது?"

"நம்ப வேணாம்மா, நீங்களே பாருங்க! சிலைட எடுத்துட்டு வந்திருக்கேன்."

"வீட்ல திறந்து வெச்ச குப்பி. அது ஆதாரம் ஆகாது." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "இந்த மருந்துக்கு என் வாழ்க்கையில பன்னிரண்டு வருஷம் குடுத்திருக்கேன். அறுபது பேர்ல நாப்பத்தொன்பது பேருக்கு நல்லா வேலை செய்யுது. ஒரு பதினோரு பேருக்கு மட்டும் மருந்து கெட்டுப்போகுமா? மனுஷங்க ஒழுங்கா எடுத்துக்க மாட்டாங்க. நீங்களே லேப்ல இருந்தவரு, உங்களுக்குத் தெரியாததா?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அது என் வாக்கியம். முப்பத்துநான்கு வருஷம் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து நான் சொன்னதை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். "அந்தப் பதினோரு பேரும் வியாழக்கிழமைக்காரங்க. வியாழக்கிழமை மருந்த எங்க வெக்கிறீங்க? காட்டுங்க" என்றேன். மருந்து வைப்பறைக்குள் வெளியார் போகக் கூடாதாம். கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் கதவு திறக்குமாம். குளிர்பதனப் பதிவேடு சரியாக இருக்கிறதாம். "வாங்க சம்பந்தி, போலாம்" என்று படிக்கல் என் முழங்கையைத் தொட்டார். உதறினேன். எதிரே இருந்த தண்ணீர் டம்ளர் கொதித்திருக்கும், நான் அதைப் பார்த்த பார்வைக்கு.

கீழே வரவேற்பறையில் கூட்டம். வெளியிலிருந்து வந்திருந்த விருந்தாளிகளுக்கு ஒரு புதுக் கருவியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டி, ஒரு மைக், மேலே பெரிய திரை. யாராவது மைக் முன்னால் இருமினால் அந்தச் சத்தத்தைக் கேட்டே காசநோயா இல்லையா என்று சொல்லிவிடுமாம். பச்சை, மஞ்சள், சிவப்பு. கோட்டுப் போட்ட ஒருவர் கைக்குட்டைக்குள் பூனை தும்மியது போல இருமினார், பச்சை. எல்லோரும் கைதட்டினார்கள்.

இருமலா? என்னிடமா? சளி டப்பாவைக் கொடுத்தால் பத்துப் பேரில் எட்டுப் பேர் எச்சிலைத் துப்பிவிட்டுப் போவார்கள். எச்சிலில் கிருமி இருக்காது. ஆழத்திலிருந்து கொண்டுவர வேண்டும். அதற்காகத் தினமும் காலை ஏழு மணிக்கு வரிசையின் முன்னால் நின்று, மூச்சை இழு, பிடி, இடுப்பைக் குனி, விடு என்று நானே இருமிக் காட்டுவேன். நோயே இல்லாமல் நோயாளியைவிட நன்றாக இருமத் தெரிந்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றேன். "பெரியவரே, நகருங்க" என்றார் யாரோ. அந்தக் கல்லுடைக்கிறவன், தையல்காரம்மா, வாட்ச்மேன், மகள், எல்லோரையும் நெஞ்சில் நிறுத்திக்கொண்டு விட்டேன் ஒன்று.

திரை முழுக்கச் சிவப்பு. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எந்தப் புண்ணியவானோ அந்தக் கருவியைக் கட்டடத்தின் அபாய மணியோடு இணைத்து வைத்திருக்கிறான். மேல்மாடியில் உயிருள்ள கிருமிகளை வளர்க்கும் கூடம் ஒன்று உண்டு. அங்கே கசிவு ஏற்பட்டால் அலறும் மணி அது. அலறியது. முதலில் ஓடியவர்கள் யாரென்று சொல்லிவிட்டேன். படிக்கட்டு வழியாக வெள்ளைக் கோட்டுகள் அருவி மாதிரி இறங்கின. மணி அடித்தால் ஆட்கள் தப்பிப்பதற்காகப் பூட்டிய கதவெல்லாம் தானாகத் திறந்துகொள்ளும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். அருவியில் எதிர்நீச்சல் போட்டு, வைப்பறைப் பலகையை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்த முதல் மாடிக்கு ஏறினேன். "சம்பந்தி! சம்பந்தி! வேணாம், நில்லுங்க!" என்ற குரல் பின்னாலேயே வந்தது.

மருந்து வைப்பறைக் கதவு சற்றே திறந்திருந்தது. உள்ளே கிழமைக்கு ஒன்றாக ஐந்து பிரிட்ஜ்கள். நான்கில் பச்சை விளக்கு. வியாழன் என்று எழுதியிருந்ததன் வயர் பிடுங்கி மேலே சுருட்டி வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய ஃப்ரீசர். அதன்மேல் நல்ல கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். 'வியாழன் பிரிட்ஜ் பழுது. மருந்து கெட்டுவிடாமல் இங்கே வைத்துள்ளேன். கொடுப்பதற்கு முன் வெளியே எடுத்து உருக விடவும்.' தேதி மூன்றாவது மாதத் தொடக்கம். எழுதியவர் ஸ்டோர் கீப்பராகத்தான் இருக்க வேண்டும். அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் மனிதர் எப்படிப்பட்டவர் என்று அந்தக் கையெழுத்திலேயே தெரிந்தது. இருபது வருஷமாகக் கிருமி வளர்ப்புகளை உறைபனியில் பத்திரமாகக் காத்துவந்தவராக இருப்பார். எதையும் எவ்வளவு குளிரில் வைக்கிறோமோ அவ்வளவு பத்திரம் என்று கற்றுக்கொண்டவர். அக்கறையோடு செய்திருக்கிறார். அந்த அக்கறைதான் என் மகளின் மருந்தைக் கொன்றது. மூடியைத் தூக்கினேன். பனிக்குள் புதைந்த பெட்டிகள். பனியை நகத்தால் சுரண்டினேன். பெட்டியின் நெற்றியில் சிவப்பாக அச்சடித்திருந்தது: உறைய வைக்காதீர். உறைந்தால் நானோ உருண்டைகளை நீர்ப்படிகம் நெருக்கித் தள்ளி ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும், உருகினாலும் பிரியாது. அந்த எச்சரிக்கையின் மேலேயே இரண்டு மாதப் பனி.

திரும்பினேன். வாசலில் சம்பந்தி நின்றிருந்தார். அவர் கண் ஃப்ரீசருக்குள் போனது, காகிதத்துக்குப் போனது, பிறகு ஓரத்தில் இருந்த வெப்பமானிக்குப் போனது. "பாத்தீங்களா?" என்றேன். அதற்குள் காவலாளிகள் வந்து இருவரையும் கீழே தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை எனக்கு. கோபம் வந்தால் அறிவு முதலில் வெளிநடப்புச் செய்துவிடும்.

மறுநாளே நிலையத்தில் ஒரு அறிவிப்பு: நேற்று நடந்தது முன்பே திட்டமிட்ட பாதுகாப்பு ஒத்திகை. விருந்தாளிகள் முன்னால் பட்ட அவமானத்துக்குப் பூசிய சுண்ணாம்பு. அடுத்த வாரம் ஃப்ரீசரும் இல்லை, காகிதமும் இல்லை, வியாழன் பிரிட்ஜில் பச்சை விளக்கு எரிகிறது என்று கேள்விப்பட்டேன். சம்பந்தியிடம் போய் நின்றேன். "நீங்க பாத்தத எழுதிக் குடுங்க. அது போதும்."

அவர் கீழே பார்த்தார். "நான் ஒண்ணும் பாக்கல சம்பந்தி."

வாழ்நாளில் ஒரு கிராம் கூடக் குறைத்துச் சொல்லாத மனிதர். என் முகத்துக்கு நேராக. "ஃப்ரீசர் எதிர்ல அஞ்சடி தூரத்துல நின்னீங்களே!"

"கூட்டத்துல கண்ணு இருட்டிக்கிச்சு."

அவர் வீட்டு வாசலில் நின்று நான் என்னென்ன சொன்னேன் என்று எழுதினால் இதை யாரும் அச்சில் போட மாட்டார்கள். மகள் உள்ளேயிருந்து இருமினாள். நான் கற்றுக்கொடுக்காத இருமல். கண்ணின் ஓரத்தில் மறுபடி மஞ்சள். வேறு வழியில்லாமல் பழைய மாத்திரையையே தொடங்கியிருந்தார்கள்.

மனு மேல் மனுவாகப் போட்டேன். எத்தனை என்று கேட்காதீர்கள், தபால்காரர் எனக்காகத் தனிப் பை எடுத்து வந்தார். கடைசியில் விசாரணைக் குழு கூப்பிட்டது. நீளமான மேஜை. தலைமையில் ஓய்வு பெற்ற நீதிபதி, இரு பக்கமும் வெளியூர் டாக்டர்கள் இருவர், ஓரத்தில் ஒரு தட்டச்சுக்காரப் பெண். எதிரே தலைமை டாக்டர் அம்மா, கோப்புகளுடன். நாங்கள் மூவர்: நான், முகமூடியோடு மகள், வீட்டுச் சாட்சி என்பதால் அழைக்கப்பட்ட சம்பந்தி. மகளை மறுபடி ஆய்வில் சேர்த்து, கெடாத மருந்தைக் கொடுப்பார்களா, இல்லை அந்த ஒரு வரியே நிலைக்குமா என்பதுதான் அன்றைக்குத் தீர வேண்டியது.

"சுருக்கமாச் சொல்லுங்க" என்றார் நீதிபதி. சுருக்கமா, நானா? நெஞ்சில் ஐந்து மாதம் அடைத்து வைத்தது. ஒன்பது மாடி என்றேன், ஆயிரம் பேர் என்றேன், ஒரே இருமல் என்றேன். பக்கத்தில் மகளின் வலது கால் தரையை அழுத்த ஆரம்பித்தது. ஃப்ரீசருக்குள் துருவக் கரடி உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது என்றேன். அவள் கால் முழு பலத்தோடு அழுத்தியது. வண்டி நிற்கவில்லை. வெளியூர் டாக்டர் ஒருவர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். தட்டச்சுக்காரப் பெண் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தாள்.

தலைமை டாக்டர் அம்மா எழுந்தார். "ஐயா, நான் இவர குறை சொல்லல. மகள் உடம்பு சரியில்லன்னா எந்த அப்பாவும் இப்படித்தான். ஆனா பாக்க முடியாத துகளைப் பாத்தேங்கறாரு. இருமி ஒரு கட்டடத்தையே காலி பண்ணினேங்கறாரு. குளிர்பதனப் பதிவேடு இதோ இருக்கு. இதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

நான் ஏதோ கத்தினேன். "உக்காருங்க" என்றார் நீதிபதி. உட்கார்ந்தேன். எழுபது வயதில் முதல் முறையாக, நான் இதுவரை சொன்ன ஒவ்வொரு கதைக்காகவும் என் நாக்கை அறுத்துப்போடலாம் போலிருந்தது. மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுச் சாட்சி ஏதாவது சொல்லணுமா? ஏற்கெனவே எழுதிக் குடுத்ததுதானே?" என்று கேட்டுக்கொண்டே நீதிபதி கோப்பை மூடினார்.

சம்பந்தி எழுந்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளி, நேராக வைத்து, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டடம் ஒன்பது மாடி இல்லீங்க" என்றார். "நாலு மாடி."

டாக்டர் அம்மா தலையசைத்தார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"வெளிய வந்தவங்க ஆயிரம் பேர் இல்ல. கீழ போனப்புறம் நான் எண்ணினது நூத்தி முப்பத்தேழு. ஒண்ணு ரெண்டு விட்டிருக்கலாம். இருமல் ஒண்ணு இல்ல, ரெண்டு. மொத இருமலுக்கு மஞ்சள் விளக்குதான் எரிஞ்சுது. ரெண்டாவதுக்குத்தான் சிவப்பு." என் பக்கம் கையைக் காட்டினார். "மத்ததெல்லாம் அவர் சொன்ன மாதிரியேதான். நடந்துச்சு."

தட்டச்சுக்காரப் பெண்ணின் விரல்கள் ஓடத் தொடங்கின.

"ஃப்ரீசர் மேல காகிதம் இருந்துச்சு. நான் படிச்சேன். வெப்பமானி மைனஸ் பத்தொன்பது காட்டுச்சு. அந்தக் கருவில முத்திரை இல்ல, அதனால ஒண்ணு ரெண்டு முன்னப் பின்ன இருக்கலாம். பெட்டி பனிக்குள்ள இருந்துச்சு."

"இத ஏன் இவ்வளவு நாள் சொல்லல?" என்றார் நீதிபதி.

"அன்னிக்குக் காலைலதான் என் மருமக மருந்த எடுத்துக்கிட்டதுக்கு சாட்சி இல்லன்னு கையெழுத்துப் போட்டிருந்தேன். அதுல மை காயறதுக்குள்ள..." நிறுத்தினார். மகள் பக்கம் திரும்பவில்லை. "எடை தப்பா இருந்தா கடைக்காரன் மேல கேஸ் போடுவேன். நான் போட்ட எடையே தப்புன்னா என்ன பண்றதுன்னு தெரியல."

டாக்டர் அம்மா தன் பதிவேட்டைத் திறந்து, ஏதோ ஒரு பக்கத்தில் விரலை வைத்து, எடுக்காமல் இருந்தார்.

"பனி எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டார் வெளியூர் டாக்டர். இப்போது அவர் குனிந்திருக்கவில்லை.

சம்பந்தி வலது கையைத் தூக்கினார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, கொஞ்சம் குறைத்து, மயிரிழை கூட்டி, நிறுத்தினார். "இவ்வளவு" என்றார். நீதிபதி மேஜை டிராயரில் அளவுகோலைத் தேடினார். ஒவ்வொரு டிராயராக இழுத்துப் பார்த்தார். அதுவரை சம்பந்தி அந்தக் கையை இறக்கவில்லை. விரல்களுக்கு நடுவில் இருந்த இடைவெளி அசையவே இல்லை.